நண்டு கிழித்தது என்றாள்

ஈர வலையின் வாடை... விடியலில் வாவிக்கரையில் வலையைக் கொட்டினால், அந்த வாடை சட்டைக்குள் ஏறி நாள் முழுக்க நிற்கும்.

மகளிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். எழுதுவதும் அவள்தான். எனக்கு எழுத்துத் தெரியாது.

அப்போது ஆரையம்பதியில் இருந்தோம். வலையில் நண்டு கழற்றுவது அவள் வேலை. பத்தொன்பது வயது, தாய் இல்லாத பிள்ளை. அவளுடைய அண்ணன் ரவி வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வராத வருசம் அது.

"அவன்ட பேரை இந்த வீட்டில ஒருத்தரும் எடுக்கப்படாது" என்று சொல்லிவிட்டேன். எடுத்தால் நான் உடைந்துபோவேன் என்ற பயம்.

ஒருநாள் அவள் முன்கையில் காயங்களைக் கண்டேன்.

"என்ன புள்ள இது?"

"நண்டு கிழிச்சிட்டுது அப்பா."

நாற்பது வருசமாக நண்டு பிடிக்கிறவன் நான். நண்டு விரலைத்தான் கவ்வும். தெரிந்தும் தலையாட்டினேன்...

பிறகு பூசாரியிடம் கூட்டிப்போய் நூல் கட்டுவித்தேன். காயத்துக்கு மேலேயே கட்டினார். அப்படியே ஏழு மாசம் போனது.

காய்ச்சலுக்கு மருந்தெடுக்கப் போன இடத்தில்தான் ஒரு தாதி மிஸ்ஸி அந்தக் கையைப் பார்த்தார். ஏசவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தார்.

"எவ்வளவு நாளா தனியத் தாங்கிட்டு இரிக்காய்?"

"சாகிறதுக்கெண்டு கீறல்ல மிஸ்ஸி... அண்ணாவைப் பத்திக் கதைக்க வீட்டில ஆளில்ல."

வாசலில் நின்ற எனக்கு அது கேட்டது.

அதன் பிறகு கிழமைக்கு ஒருதரம் மட்டக்களப்பு ஆஸ்பத்திரி, மனநலப் பிரிவு.

பஸ் நிற்குமிடத்தில் ஊர்க்காரன் ஒருவன் கேலியாகக் கேட்டான்: "விசருக்கா மருந்து?"

"ஓம். நீயும் வா, சீற் இரிக்கி" என்றேன்.

டொக்டர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "இது நடிப்பில்ல ஐயா. ஏசாதீங்க, கையைப் பிடிச்சுச் சோதிக்காதீங்க. நோவு கூடினா உங்களிட்ட வரட்டும்."

அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில், "ரவிக்கு மீன் தலையெண்டாச் சோறு காணாது, இன்னும் கேப்பான், என்ன புள்ள" என்றேன். வீடு வரும்வரை அழுதாள். நானும்தான்.

உடனே எல்லாம் சரியாகவில்லை. ஒரு மாசம் நல்லாய் இருப்பாள், அடுத்த மாசம் திரும்பவும்... வருசங்கள் எடுத்தன.

இப்போது கல்லடியில் குடும்பமாக இருக்கிறாள். மனம் கனத்தால் போன் எடுப்பாள். "அப்பா, இண்டைக்கு ஏலாம இரிக்கி." வேலையைப் போட்டுவிட்டு பஸ் ஏறுவேன். போய்ப் பெரிதாக ஒன்றும் சொல்ல மாட்டேன்... பக்கத்தில் இருப்பேன்.

அந்த ஏழு மாசமும் இப்படிச் சொல்ல அவளுக்கு ஒரு ஆள் இருக்கவில்லை.

நான் வீட்டில்தான் இருந்தேன்.