ஜெபகனி தைத்த கோணல்

ஆம்பூர் ஷூ கம்பெனியொன்றில் மூன்றாவது லைன் சூப்பர்வைசர் ஜெபகனி. அவளுக்கு ஒரு குரல் இருந்தது. அத்தனை தையல் மெஷின்களும் ஒன்றாக ஓடும்போதுகூட அது கடைசி மெஷின்வரை போய்ச் சேரும். தப்பான பீஸ் கையில் சிக்கினால் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, தைத்தவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாள். கெட்ட மனசுக்காரி என்று அவளை யாரும் சொல்லமாட்டார்கள். லைனை அப்படித்தான் நடத்தவேண்டும் என்று அவளுக்கு மேலே இருந்தவர்கள் காட்டியிருந்தார்கள், அவளும் அப்படியே நடத்தினாள்.

போன மழைக்காலத்தில் அவள் தங்கை அக்சா காய்ச்சலில் இறந்துபோனாள். அக்சாவும் அதே லைன்தான். ஷூவின் முன்பக்க வளைவைத் தைக்கிற மெஷின் அவளுடையது. வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, இனி தேறிவிடுவாள் என்று எல்லோரும் மூச்சுவிட்ட பிறகு போய்விட்டாள். கல்லறைத் தோட்டத்தில் பாஸ்டர் ஜெபம் பண்ணும்போது அம்மா மண்ணில் விழுந்து அழுதாள். ஜெபகனி அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து, சேலையில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை. வரும் வரும் என்று வீட்டில் காத்திருந்து பார்த்தாள். பிறகு கம்பெனி பஸ்ஸில் ஏறி வேலைக்கு வந்துவிட்டாள்.

வேலையிலும் குரல் வரவில்லை. தொண்டை நன்றாகத்தான் இருந்தது. கத்துவதற்கு உள்ளே என்னவோ வேண்டியிருந்தது, அது இல்லாமல் போயிருந்தது.

அந்தச் சமயம் பார்த்துப் புது ஆர்டர் வந்தது. எல்லா ஜோடியிலும் அந்த முன்வளைவு. இத்தனை வருஷமாக அக்சா ஒருத்தியே தைத்துவந்ததால் வேறு யாருக்கும் கை பழகவில்லை. பக்கத்து மெஷின்காரிகள் மூன்றுபேர் மாறி மாறித் தைத்தார்கள். வளைவில் தோல் சுருங்கிச் சுருங்கி நின்றது. ரிஜெக்ட் பெட்டி மதியத்துக்குள் நிறைந்தது. லைனே ஜெபகனியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் பெட்டியைத் தூக்கிவந்து மேஜைமேல் கவிழ்த்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பீஸ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்த்தாள் என்பதுகூடச் சரியில்லை. கண் மட்டும் அவற்றின்மேல் இருந்தது.

டீ டைமில் பூர்ணிமா மெதுவாகப் பக்கத்தில் வந்தாள். அந்த மூன்றுபேரில் ஒருத்தி, லைனில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள்.

"அது என்னுதுக்கா. மேல இருக்கிறது."

"எங்க கெட்டுப்போச்சுன்னு தெரியுதா?"

திட்டு விழும் என்று நின்றவள் கேள்வி வந்ததும் பீஸைக் கையில் எடுத்துப் பார்த்தாள். திருப்பும்போது கை தளர்ந்துவிடுகிறது என்று நினைப்பதாகச் சொன்னாள். அதற்குள் தோல் ஓரத்தை மடித்துக் கொடுக்கும் மேஜையில் இருக்கும் சௌமியா வந்து எட்டிப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, தன்னிடமிருந்து வரும்போதே இடது பக்க மடிப்பு தடித்துத்தான் வருகிறது, தோல் அங்கே சுருங்குவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்றாள். எத்தனை நாளாக இப்படி என்று ஜெபகனி கேட்டாள். ரொம்ப நாளாக என்றாள் சௌமியா. ஏன் சொல்லவில்லை என்று ஜெபகனி கேட்கவில்லை. பதில் அவளுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் புரொடக்ஷன் மேனேஜர் வக்கார் அகமதுவின் கேபினுக்குப் போனாள். தினமும் சாப்பாட்டு மணிக்கு முன்னால் கொஞ்ச நேரம் மெஷினை நிறுத்திவிட்டு, கெட்டுப்போன பீஸ்களோடு லைன் மொத்தமும் உட்காரவேண்டும் என்றாள். யார் பேரையும் ஆபீஸில் எழுதக்கூடாது. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"டார்கெட் இன்னா ஆவும் ஜெபகனி?"

"கம்மியானா என்னை எடுத்துடுங்க சார்."

இதே வார்த்தையை முன்பு சொல்லியிருந்தால் அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். இப்போது இன்றைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னாள். அதைப் பார்த்தோ என்னவோ, அவர் சரி என்றுவிட்டார்.

முதல் நாள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். பீஸ்களை யாரும் கையில் எடுக்கவில்லை. இந்தச் சாந்தமெல்லாம் துக்கம் ஆறும்வரைதான், பிறகு இதையெல்லாம் வைத்தே நம்மைப் பிடிப்பாள் என்று பின்வரிசையில் முணுமுணுப்பு. அது ஜெபகனியின் காதிலும் விழுந்தது. எழுந்துபோய் அக்சாவின் மெஷினில் உட்கார்ந்தாள்.

"நான் தைக்கிறேன். பாத்து சொல்லுங்க."

தையல் மெஷினில் உட்கார்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. வளைவு திரும்பும் முன்பே ஊசி கோட்டை விட்டு இறங்கியது, தோல் அப்பளம் மாதிரி சுருண்டது. தைத்ததை வெட்டி எடுத்து, முன்பு மற்றவர்கள் பீஸைப் பிடித்ததுபோலவே தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். யாரோ அடக்கமாட்டாமல் சிரித்தார்கள். அப்புறம் எல்லோருமே சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பக்கத்து வீட்டு ரேடியோபோலக் கேட்டது. அதனால் என்ன, சிரிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

அக்சா தைப்பதை அடுத்த மெஷினிலிருந்து பார்த்தே வந்த இரம் எழுந்துவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இழுக்கக்கூடாது, தோல் தானாக வரும்போது கூடவே போகவேண்டும் என்று கையைப் பிடித்தபடியே மெஷினை மெதுவாக ஓட்டினாள். பூர்ணிமா குனிந்து, ஊசிக்கு முன்னால் விரல் இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் நல்லது என்றாள். இரண்டாவது பீஸ் முதலாவதைவிடப் பரவாயில்லை. மூன்றாவது திரும்பவும் கெட்டது.

"அக்சாவும் மொதல்ல இப்டிதான்க்கா," என்றாள் இரம். பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நிறுத்திவிட்டாள்.

"சொல்லு."

"சேந்த புதுசுல நாங்க ரெண்டுபேரும் ஒரே தையல்தான். கெட்டுப்போனதை எல்லாம் என் பெட்டில போட்டுடுவா. எங்கக்கா திட்டும், நீ வாங்கிக்கோன்னு சொல்லுவா."

"நான் உன்னைத் திட்டினேனா?"

"திட்டினீங்க."

ஜெபகனி மெஷின் தட்டில் கிடந்த நூல் துணுக்குகளை விரலால் ஒதுக்கினாள். தங்கை தன்னைப் பார்த்துப் பயந்திருக்கிறாள். ஒரே தட்டில் சோறு தின்றவள், ஒரே பஸ்ஸில் தோளோடு தோள் உட்கார்ந்து வந்தவள். அது கல் மாதிரி உள்ளே இறங்குவது தெரிந்தது. போய் விழுந்த சத்தம் மட்டும் கேட்கவில்லை.

"இன்னொரு வாட்டி காட்டு," என்றாள்.

அடுத்த நாள் சௌமியா தடித்த மடிப்பைத் தானாகவே கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். பின்வரிசைக்காரிகளும் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஜெபகனி ஆட்களை இடம் மாற்றிப் போட்டாள். மடிப்புக்காரி தையல்காரிக்குப் பக்கத்தில், தையல்காரி கொஞ்ச நாள் மடிப்பில். டார்கெட் முதலில் விழுந்தது, வக்கார் அகமது தினமும் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். பிறகு ஏறியது. ஆர்டர் போய்ச் சேர்ந்தபோது முன்வளைவைத் தைக்கத் தெரிந்தவர்கள் லைனில் பாதிப்பேர் இருந்தார்கள்.

மற்ற லைன் சூப்பர்வைசர்களுக்கும் சொல் என்று மேனேஜர் அவளைக் கேன்டீனில் நிறுத்தினார். இது எப்படி ஆரம்பித்தது என்று ஒருவர் கேட்டார்.

"என் தங்கச்சி செத்துட்டா. கத்த முடியல," என்றாள். பிறகு, "திட்டினா தப்பு எங்கயும் போவாது சார். வேற பெட்டில போய் உக்காந்துக்கும். மொதல்ல நாம தப்பா தைச்சு காட்டணும்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

இரண்டு லைன்களில் செய்து பார்த்தார்கள். ஒன்றில் சூப்பர்வைசர் தான் மெஷினில் உட்காரமாட்டேன் என்றதால் அது அப்படியே நின்றது. இன்னொன்றில் ஏதோ நடக்கிறது.

சாயங்கால பஸ்ஸில் அக்சாவின் சீட் காலியாகவே வந்துகொண்டிருந்தது. ஒருநாள் இரம் கேட்காமலே அதில் வந்து உட்கார்ந்தாள். பேரணாம்பட்டு ரோட்டில் பஸ் திரும்பியபோது ஜெபகனி ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"என்னைப் பத்தி வேற இன்னா சொல்லுவா?"

இரம் பர்தாவைச் சரிசெய்துகொண்டு, முதலில் தயங்கி, பிறகு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.