டிஷ்ஷுக்கு நேரே சூரியன்

மாடிப்படியின் நடுவில் நின்று, "ஆள் வர்றேன், ஆள் வர்றேன்" என்று குரல் கொடுக்கிறார் பஹ்மத். எங்கள் பாலைவன ஊரான கர்தாயாவில் மொட்டைமாடிகள் பெண்களுக்குரியவை. அக்கம்பக்கத்து மாடிக்கதவுகள் சாத்தும் ஓசை அடங்கிய பிறகே மேலே கால் வைப்பார். டிஷ் மாட்டுவதும் திருப்புவதும் அவர் தொழில். ஊரின் எல்லா மாடிகளையும் அறிந்தவர். எந்த மாடியிலும் ஒரு முகத்தைக் கண்டதில்லை.

பேச்செல்லாம் அலையைப் பற்றித்தான். தேநீர்க்கடைத் தூணில் கயிற்றைக் கட்டி உதறிக் காட்டுவார். மேலும் கீழுமாக ஆடுவது ஓர் அலை, பக்கவாட்டில் ஆடுவது இன்னொன்று. டிஷ்ஷின் கொம்பு நுனியில், அலையெல்லாம் வந்து குவியும் இடத்தில் இருக்கும் கண்ணை அதற்கேற்பச் சாய்க்காவிட்டால் படம் வராது. "வெயிலும் இதே சாதிதான்டா. டிவிக்கு வர்றது நீட்டு அலை, வெயிலு பொடி அலை. ரெண்டுக்கும் ஒரே வேகம். நடுவுல காத்துகூட வேணாம், ஒண்ணுமில்லாத எடத்துலயே வந்துரும்." சொல்லச் சொல்லக் குரல் தாழ்ந்துவிடும், பள்ளிவாசலுக்குள் பேசுவதுபோல.

கேட்பவர்கள் சிரிப்பார்கள். அக்டோபர் தொடக்கத்தில் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். சில நாட்களுக்கு, மதியத் தொழுகை முடிந்த சற்று நேரத்தில், சூரியன் சரியாக எங்கள் டிஷ்கள் பார்க்கும் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். அதனிடமிருந்தும் நீட்டு அலைகள் வருகின்றன. அந்த இரைச்சலில் படம் மூழ்கும். சில நிமிடங்களில் தானே மீளும். அதற்குள் ஊர் பஹ்மத்தைத் திட்டித் தீர்த்துவிடும்.

சென்ற அக்டோபரில் என் தங்கை யமீனாவின் மகள் ஹனா, தலைநகரில் நடந்த குர்ஆன் ஓதும் போட்டியின் இறுதிச் சுற்றில் இருந்தாள். நேரடி ஒளிபரப்பு, எங்கள் தெருவில் இணையம் அறுந்து கிடந்தது. அவள் முறை எப்போது என்று அன்று காலைதான் தெரிந்தது. சரியாக அந்த நிமிடங்கள்தான் என்றார் பஹ்மத்.

"ஊர்ல இத்தனை வீடு இருக்க, சூரியனுக்கு எங்க வீட்டு டிவிதான் கெடச்சுதாண்ணே?" என்று கேட்டுவிட்டு யமீனா அழுதாள்.

பஹ்மத் விற்காமல் கிடந்த டிஷ் ஒன்றைத் தோளில் தூக்கிவந்தார். கிழக்கே நிற்கும் வேறொரு செயற்கைக்கோளிலும் அதே சேனல் உண்டு. சூரியன் அதை முன்பே கடந்திருந்தது. கண் மட்டும் கையிருப்பில் இல்லை. எங்கள் மாடியிலிருந்த பழைய டிஷ்ஷின் கண்ணைக் கழற்றிப் புதியதில் மாட்டினார். கீழே டிவி முன் நின்று நான் நிலவரம் கத்த, அவர் மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். கட்டம் கட்டமாகச் சிதறிய படம் கூடிவந்தபோது ஹனா மேடை ஏறிக்கொண்டிருந்தாள். யமீனா முக்காட்டு நுனியைக் கடித்தபடி அசையாமல் இருந்தாள்.

பஹ்மத்தைக் கூப்பிட மாடிக்கு ஓடினேன். ஹனாவின் குரல் படிவழியே என்னோடு ஏறிவந்தது. பெயிண்ட் உதிர்ந்து அலுமினியம் பளபளத்த பழைய டிஷ், முன்பிருந்த திசையையே பார்த்திருந்தது; அங்கே இப்போது சூரியன். கண் இருந்த இடத்தில், வெறும் கொம்பு நுனியில், பஹ்மத் உள்ளங்கையை ஏந்தியிருந்தார்.

"வந்து நிக்குது" என்றார், என்னைப் பார்க்காமல். கை நிறைய வெயில். விரல்களை மடக்காமல், மூச்சடக்கி நின்றார்.