லேடீஸ் பெட்டியில் மோட்டார்மேனின் மனைவி

என் கணவர் தாம்பரத்துக்கும் பீச்சுக்கும் நடுவே மின்சார ரயில் ஓட்டுகிறார். நான் அதே வழியில் நுங்கம்பாக்கத்துக்கு வேலைக்குப் போகிறேன். எந்த நாள் அவருக்கு எந்த வண்டி என்பதை அவருடைய டூட்டிதான் முடிவு செய்யும். அதனால் அவர் ஓட்டும் வண்டியில் நான் ஏறுவது அபூர்வம். ஏறினாலும் யாரிடமும் சொல்ல மாட்டேன். ஓட்டுகிறவரைத் திட்டாத நாளே அந்த லேடீஸ் பெட்டியில் கிடையாது.

போன ஆவணியில் ஒரு காலை, தூறிக்கொண்டிருந்தது. அன்று அவர் வண்டி. சானடோரியம் ஸ்டேஷன் தாண்டி, குரோம்பேட்டை வருவதற்குள் ஒரு குலுக்கல். நின்றவர்கள் எல்லாரும் முன்னால் சாய்ந்தோம். வாசலருகே உட்கார்ந்திருந்த பூக்கார அக்காவின் கூடை கவிழ்ந்து, மல்லிகைப் பந்துகள் எங்கள் கால்களுக்கு நடுவே உருண்டன.

"இன்னாமா இவன், ரயிலு ஓட்றானா, எருமை மாடு ஓட்றானா?" என்று ஆரம்பித்தார் அவர். அடுத்து வந்ததை எழுத முடியாது. என் மாமியார் வரைக்கும் இழுத்துவிட்டார்.

பூவைப் பொறுக்கிக்கொண்டிருந்த எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அக்கா, கொஞ்சம் பார்த்துப் பேசுங்க. ஓட்டறது என் வீட்டுக்காரர்."

பெட்டியே திரும்பிப் பார்த்தது.

"அய்ய, உன் வூட்டுக்காரரா? மொதல்லயே சொல்றதில்லியா நீ!" என்றார் அக்கா. வெட்கமெல்லாம் அவருக்கு ஒரு நொடிதான். "அப்போ அந்த ஃபேன் சுத்த மாட்டேங்குது, இன்னான்னு கேளு அவரை."

அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கிய ஒரு பெண், "ஆன்ட்டி, சானடோரியத்துல ஒரே ஒரு நிமிஷம் எக்ஸ்ட்ரா நிக்கச் சொல்லுங்க, டெய்லி ஓடி வரேன்" என்றாள். இன்னொருத்தி, பல்லாவரத்தில் பிளாட்ஃபாரத்தில் நிற்கும் தன் குழந்தைக்கு அவர் கையாட்ட வேண்டும் என்றாள்.

சாயங்காலம் சேலையூர் வீட்டில் காபி கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் சிரித்தார்.

"நிக்கறதும் கிளம்பறதும் என் இஷ்டமா? பின்னால கார்டு மணி அடிச்சாத்தான் எடுக்கணும். ஃபேன் ஷெட்காரங்க வேலை. கையாட்டறதுன்னா, ஒரு கை ஹேண்டிலை அழுத்திக்கிட்டே இருக்கணும். விட்டா நான் மயங்கிட்டேன்னு நெனச்சு வண்டி தானா நின்னுடும்."

"இன்னொரு கை?"

"அது பிரேக்குல." காபியை ஒரு வாய் குடித்தார். "எருமை மாடுன்னா சொன்னாங்க?"

"நீங்க ஏன் அப்படிக் குலுக்கினீங்க?"

காபி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். ஒரு ஆள், காதில் போனோடு, லைனைத் தாண்டியிருக்கிறான். ஹாரன் அடித்தும் திரும்பவில்லை. "நல்ல மழைன்னா தண்டவாளத்தைக் கழுவிடும். தூறல்தான் மோசம், எண்ணெய் தடவின மாதிரி ஆயிடும். பிரேக் போட்டும் வழுக்கிட்டே போச்சு. கடைசி நொடியில ஏதோ தோணித் தாவிட்டான். அவன் செருப்பு மட்டும் லைன்ல கெடந்துது."

நானும் அதே வண்டியில்தான் இருந்தேன், மல்லிகைப் பந்து பொறுக்கிக்கொண்டு. அவர் தோளில் கை வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பெட்டியில் சொன்னேன். பூக்கார அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "புள்ள குட்டிக்காரனோ இன்னாவோ. உன் வூட்டுக்காரரு நல்லா இருக்கணும்மா."

அன்றிலிருந்து அந்தப் பெட்டியில் யாரும் ஓட்டுகிறவரைத் திட்டுவதில்லை, என்னைத்தான் கேட்கிறார்கள். வண்டி குலுங்கினால், "இன்னா, காலைல வூட்ல சண்டையா?" தாமதமானால், "டிபன் லேட்டா குடுத்தியா?" இன்று அவருக்கு லீவு, வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறார் என்று சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை.