நாங்கள் பார்க்காத இரண்டு ஓவர்

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை பொழுதுபடுகிற நேரம், கந்தளாய் தாண்டி ஹபரணைக்குப் போகும் காட்டு வழியில் இது நடந்தது. நான் பாலையூற்றில் இருக்கிறேன். வாடகைக்குப் போகிற பஸ் ஒன்றின் சாரதி. அதிகம் படித்தவன் இல்லை. என் இரண்டு பிள்ளைகளுக்கும் இதைப் பல தடவை சொல்லியிருக்கிறேன். மற்றப் பிள்ளைகளும் தெரிந்துகொள்ளட்டும் என்று இப்போது எழுதுகிறேன்.

அந்த வருடம் பத்து ஓவர் கிரிக்கெட் தொடர் ஒன்று புதிதாகத் தொடங்கியது. ஒவ்வொரு அணிக்கும் ஒரு நகரத்தின் பெயர். பணமுள்ள யாராவது அணியை வாங்கி, ஏலத்தில் வீரர்களை எடுப்பார்கள். திருகோணமலை பெயரிலும் ஓர் அணி வந்தது. நீலச் சட்டை, நெஞ்சில் நங்கூரம். அணியை வாங்கியவர் எங்கள் துறைமுகத்தைக் கண்ணால் கண்டிருப்பாரோ தெரியாது. வீரர்களிலும் பலர் வெளியூர், வெளிநாடு. இருந்தாலும் டிவியில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லும்போது ஏதோ எங்கள் வீட்டு ஆளைக் கூப்பிடுவது போல இருக்கும். கோயில் வீதியிலும் பள்ளிவாசல் வீதியிலும் பெடியன்கள் அதே நீலச் சட்டையோடுதான் திரிந்தார்கள்.

அந்த அணியில் எங்கள் மாவட்டத்துப் பிள்ளை ஒரே ஒருவர்தான். கிண்ணியாவில் கடற்தொழில் செய்கிற ஒருவரின் மகன். வேகப்பந்து வீசுபவர். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் அவர் தண்ணீர்ப் போத்தலோடு கோட்டுக்கு வெளியேதான் இருந்தார். அணி தொடர்ந்து தோற்றது. கடைசி ஆட்டத்தில் வென்றும் பயனில்லை என்று ஆன பிறகுதான் அவரையும் இறக்குவதாக முடிவெடுத்தார்கள். ஆட்டம் தம்புள்ளையில், இரவு ஏழு மணிக்கு. அதற்குத்தான் என் பஸ்ஸை வாடகைக்குப் பிடித்தார்கள்.

கிண்ணியாவில் ஏறியவர்களில் அந்த வீரரின் தகப்பனும் இருந்தார். அண்ணன் என்கிற முறையில் நாங்கள் அவரை நானா என்றுதான் கூப்பிட்டோம். ஐம்பதைத் தாண்டியவர். துவைத்த சாரம், வெள்ளைச் சேட்டு, கையில் ஒரு பை. பெடியன்கள் நீலச் சட்டை ஒன்றைக் கொடுக்க, வெட்கப்பட்டுக்கொண்டே சேட்டுக்கு மேலே போட்டுக்கொண்டார். எனக்குப் பின்னால் முதல் சீட்டில் இருந்தார்.

"பைக்குள்ள என்ன நானா?" என்று கேட்டான் ட்ரம்பெட் வைத்திருந்த பெடியன்.

"பொரிச்ச மீன். மகனுக்கு."

"கேட்டில விடமாட்டாங்கள் நானா. பறிச்சு அவங்களே சாப்பிட்டு ஏப்பம் விடுவாங்கள்."

"என்ட மகன் விளையாடுறான் எண்டு சொன்னா விடுவாங்க."

"ஓம், நானும் அப்பிடித்தான் சொல்லப்போறன். எனக்கும் ஒரு மீன் தந்திடுங்கோ!"

பஸ் முழுக்கச் சிரிப்பு. நானாவும் சிரித்தார். பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, ஒரு ஆளுக்கு ரெண்டு ஓவர்தானாம். அது எவ்வளவு நேரம் வரும்?"

"ரெண்டையும் சேர்த்தா பத்து நிமிசம் வரும் நானா."

"காணும், அதுவே போதும். கடற்கரையில அவன் டேப் பந்து எறிஞ்சதைப் பார்த்தது. பெரிய மேட்ச் ஒண்டும் பார்த்ததில்ல. எல்லா மேட்ச் நேரமும் நான் கடல்லதான். பத்து நிமிசம் காணும்."

நாங்கள் புறப்பட்டதே பிந்தித்தான். கந்தளாயில் தேத்தண்ணிக்கு இறங்கியவர்கள் ஏறுவதற்கு இன்னும் கொஞ்சம் பிந்தியது. காட்டுக்குள் வரும்போது வெளிச்சம் குறையத் தொடங்கிவிட்டது. ஒரு வளைவில் திரும்பினால், முன்னால் யானை.

பெரிய பெண் யானை. இடப்பக்கம் பாதி வீதியை மறித்துக்கொண்டு நின்றது. அதன் காலுக்கிடையில் ஒரு குட்டி. பற்றைக் காட்டுக்குள் வேறு யானைகளும் நின்றன. நான் தள்ளியே நிறுத்திவிட்டேன். ட்ரம்பெட்டும் பாட்டும் தானாக நின்றன. எனக்குப் பின்னால் ஒரு வான் வண்டி வந்து நின்றது. அதிலும் எங்கள் அணியின் கொடிதான்.

காத்திருந்தோம். யானை அசையவில்லை. பெடியன்களுக்குப் பொறுமை போயிற்று.

"அண்ணே, வலப்பக்கம் இடம் இருக்குது. மெதுவா எடுங்கோ."

"சட்டையைக் காட்டுங்கோடா, அதுவும் எங்கட ஊர் யானைதான்."

அப்போது ஒருவனின் போனுக்குக் கொஞ்சம் சிக்னல் கிடைத்தது. டொஸ் போட்டாகிவிட்டது, எங்கள் அணிதான் முதலில் பந்து வீசுகிறது என்று சத்தமாகச் சொன்னான். எல்லோரும் நானாவைப் பார்த்தார்கள். பத்து ஓவர் என்பது எவ்வளவு நேரம்? நாங்கள் நின்றுகொண்டே இருந்தால் எல்லாம் முடிந்துவிடும். இப்போது புறப்பட்டால் கடைசி ஓவர்களையாவது பிடிக்கலாம்.

கண்ணாடியில் பார்த்தேன். நானா எழுந்து நின்றார். இந்த மனிசனுக்காகப் போய்த்தான் பார்ப்போம் என்று மனதில் நினைத்துக் கியரைப் போட்டேன். பஸ் கொஞ்சம் நகர்ந்தது. அப்போது என் தோளில் ஒரு கை விழுந்தது.

"தம்பி, நிப்பாட்டுங்க."

"நானா, இப்ப போனா ஒரு ஓவராவது பார்க்கலாம்."

"தெரியும். நிப்பாட்டுங்க. குட்டியோட நிக்குது."

"இடம் இருக்குது நானா..."

"என்ட மகனை நான் பார்க்கிறதுக்காக, இவங்கட புள்ளைகள் இவங்களைப் பார்க்க ஏலாமப் போகக் கூடாது. எஞ்சினை நிப்பாட்டுங்க."

அவர் சத்தம் போடவில்லை. அந்தக் கை மட்டும் கனமாக இருந்தது. நான் எஞ்சினை நிறுத்தினேன். அவர் திரும்பிப் போய் இருந்து, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பின்னால் நின்ற வான்காரர்களுக்கு அப்படிச் சொல்ல யாரும் இருக்கவில்லை போலும். ஹோர்ன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டி வலப்பக்கத்தால் போனார்கள். யானையின் காது விரிந்ததைத்தான் கண்டேன். அதன்பிறகு கேட்ட பிளிறல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரே ஓட்டமாக வந்து வானின் பக்கத்தில் மோதியது. கண்ணாடிகள் சிதறின. வான் சரிந்து ஓரத்துப் பள்ளத்துக்குள் விழுந்தது. யானை இன்னொரு தடவை முட்டியது. குட்டி கத்தியது. உடனே அது திரும்பிப் போய்க் குட்டியைத் தள்ளிக்கொண்டு காட்டுக்குள் இறங்கியது. மற்றவையும் பின்னால் போயின.

முதலில் இறங்கி ஓடியவர் நானாதான். கடவுள் புண்ணியம், உயிர்ச் சேதம் இல்லை. வான் சாரதியின் கை முறிந்திருந்தது. ஒரு பெடியனின் தலையில் இருந்து இரத்தம் ஓடியது. நானா போட்டிருந்த நீலச் சட்டையைக் கழற்றி மடித்து, அவனுடைய காயத்தில் அழுத்திப் பிடித்தார். எல்லோரையும் எங்கள் பஸ்ஸில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி வரும் வரை அவர் கையை எடுக்கவில்லை.

காயப்பட்டவர்களை உள்ளே கொண்டுபோன பிறகு வெளியே போட்டிருந்த நீள வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அங்கே சிக்னல் இருந்தது. ட்ரம்பெட் பெடியன் போனில் ஆட்டத்தைப் பிடித்து, "நானா, வாங்கோ! மகன்தான் போடுறார். ரெண்டாவது ஓவர்!" என்று நீட்டினான். நானா சாரத்தில் கையைத் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் அதை வாங்கினார். அந்தச் சின்னத் திரையில் அவர் மகன் ஓடி வந்தார். கையைத் தூக்குகிற நேரம் படம் நின்றுவிட்டது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நாங்கள் அவரைச் சுற்றி நின்று பார்த்தோம். படம் திரும்பி வந்தபோது வேறொருவர் பந்து வீசினார்.

நானா போனைத் திருப்பிக் கொடுத்தார். "ஓடி வந்ததைப் பார்த்திட்டன்" என்றார்.

ஆட்டம் முடிந்து கொஞ்ச நேரத்தில் அவருடைய போன் அடித்தது. மகன்தான். சத்தம் கூடிய போன் என்றபடியால் பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

"வாப்பா, எந்தப் பக்கம் இருந்தீங்க? ஒரு விக்கெட் எடுத்த உடனே உங்களைத்தான் தேடினேன். காண ஏலாமப் போச்சு."

நானா பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "நான் வந்து சேரல்ல மகன். வழியில ஆக்களுக்குக் காயம். எனக்கு ஒண்டுமில்ல. நீ சாப்பிட்டியா?"

அங்கிருந்து என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் எழும்பி அப்பால் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அவர் பையைத் திறந்து மீனைப் பகிர்ந்துகொண்டிருந்தார். "வெச்சிருந்தாப் பழுதாப் போயிடும். சாப்பிடுங்க." பஸ்ஸில் கேலி செய்த அதே பெடியன், மீனைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட முடியாமல் அழுதான். நானா அவன் முதுகில் தட்டி, "உனக்கும் ஒண்டு கேட்டாய்தானே, தின்னு" என்றார்.

அடுத்த வருடம் அந்த அணி வேறொருவர் கைக்குப் போய், வேறு ஊரின் பெயரோடு வந்தது. நானாவின் மகனை ஏலத்தில் யாரும் எடுக்கவில்லை. அவர் இப்போது ஊர்ப் பிள்ளைகளுக்குப் பந்து வீசப் பழக்குகிறார். அந்த நங்கூரச் சட்டைகள் எங்கள் வீடுகளில் துடைக்கிற துணியாகிவிட்டன.

கிண்ணியாப் பக்கம் போனால் நானாவிடம்தான் மீன் வாங்குவேன். ஒருநாள் கேட்டேன்: "நானா, அண்டைக்கு நடந்ததுக்குக் கவலை இல்லையா?"

"ஏன் இல்ல? இருக்குது" என்றார் மீனை வெட்டிக்கொண்டே. "ஆனா இன்னொருக்கா அந்த இடத்தில நிண்டாலும் நிப்பாட்டத்தான் சொல்லுவன்."

பிள்ளைகளே, இந்த உலகத்தில் ஒருவருக்குச் சில சந்தோஷம் ஒரு தடவைதான் கிடைக்கும். அதை வேறு ஆட்களின் பிள்ளைகளுக்காகச் சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்த ஒரு மனிதரை நான் கண்டிருக்கிறேன். அன்று என் பஸ்ஸில் இருந்த யாராவது ஒருவர் உங்கள் அப்பாவாக, வாப்பாவாக, மாமாவாக இருக்கலாம். என் பிள்ளைகள் இரண்டு பேரும் வாசலுக்கு ஓடிவந்து என் கையைப் பிடிக்கிற ஒவ்வொரு நாளும், தோளில் அந்தக் கையின் கனம் எனக்கு இன்னும் தெரிகிறது.