கவிழாத வள்ளம்

அரிப்புக் கடற்கரையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். இங்கே எடுத்த சினிமாப் படத்தைப் போன கிழமைதான் பார்த்தேன். அதில் ஒற்றை அலையில் கவிழ்ந்த நீல வள்ளம் இதோ மணலில் நிற்கிறது, முன்பக்கம் அந்தோனியார் படத்தோடு. அதன் சொந்தக்காரி மெற்றில்டா அக்கா பக்கத்தில் இருந்து கிழிந்த வலையைப் பொத்துகிறார்.

“படம் எப்படி அக்கா?”

“கதாநாயகன் அழுறது நல்லம். பாட்டுத்தான் கூடிப்போச்சு. ஆனா வள்ளம் கவிழுற இடம் முழுப் பொய். கோயில் மண்டபத்தில போட்டுக் காட்டேக்க ஊரே சிரிச்சது.”

“அந்த இடத்திலதான் நான் அழுதிட்டன்.”

அக்கா வலையைக் கீழே வைக்கிறார்.

“அழாதேங்கோ தம்பி. படக்காரர் கயிறு கட்டி இழுத்தும் வள்ளம் ஒரு பக்கமும் சரியேல்ல. கடைசியில அந்தோனியாரிட்ட மன்னிப்புக் கேட்டிட்டு, ஊரே தண்ணிக்குள்ள இறங்கித் தள்ளித்தான் கவிழ்த்தனாங்கள்!”