மச்சான் விட மறுக்கும் 786

மச்சான், என் லாத்தாவின் வீட்டை ஆபத்தில் வைத்திருப்பது நீங்கள்தான். வேறு யாருமில்லை.

அக்காவை நாங்கள் லாத்தா என்போம். அவள் புருஷன்தான் இந்த மச்சான். சவூதியில் ஏசி மெக்கானிக்காக வெயிலில் காய்ந்து சேர்த்ததைப் பிட்காயினாக வைத்திருக்கிறார். சிதம்பரத்தில் என் வீட்டுக்குப் பக்கத்து மனையில் லாத்தாவுக்கு வீடு கட்ட அதுதான் இருக்கிறது. அதை எடுப்பதற்கான ரகசியச் சாவி, பென்டிரைவ் போன்ற ஒரு வாலட் கருவிக்குள் கிடக்கிறது.

போன மாதம் திருப்பாதிரிப்புலியூரில் அவர் வீட்டுக்குப் போனேன். பீரோவிலிருந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்தார். உள்ளே பிரியாணி கட்டும் அலுமினியத் தாள். அதற்குள் வாலட்.

"குவாண்டம் கம்ப்யூட்டர் வருதாமே மச்சான். இதத் தாண்டி வந்துடுமா?" என்றார். அவருக்கும் நான் மச்சான்தான்.

"அது என்ன பூனையா, மோப்பம் புடிச்சிக்கிட்டு வர?" என்றேன்.

லாத்தா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அடப்பாவி, என் டப்பா இங்கயா இருக்கு!"

கருவியில் சிக்கல் இல்லை. பணம் வந்து சேரும் முகவரியில்தான் சிக்கல். ஒரு முகவரியிலிருந்து ஒருமுறை அனுப்பிவிட்டால், ரகசியச் சாவிக்கு ஜோடியான அதன் பொதுச் சாவி இணையத்தில் எல்லார் கண்ணிலும் படும். அதை வைத்து ரகசியச் சாவியைக் கண்டுபிடிக்க இன்றைய கம்ப்யூட்டர்களால் முடியாது. நாளை பெரிய குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தால் முடியலாம். அதனால் மிச்சம் முழுவதையும், இதுவரை எதையும் அனுப்பியிராத புது முகவரிக்கு மாற்றிவிட வேண்டும். அதற்குப் பிறகு அதே முகவரியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. பிட்காயினிலேயே இதற்கு முழுப் பாதுகாப்பு வரும்வரை நம் கையில் இருப்பது இவ்வளவுதான்.

மச்சானோ வருஷக்கணக்கில் ஒரே முகவரியில் வாங்குகிறார், அதிலிருந்தே அனுப்புகிறார். காரணம், அதன் நடுவில் 786 இருக்கிறது. பிஸ்மில்லாவைக் குறிக்கும் எண். அவர் பைக், போன், எல்லாவற்றிலும் அதுதான். அது வரும்வரை வாலட்டில் முகவரி மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆள்.

அன்று பக்கத்தில் உட்கார்ந்து மாற்றச் சொன்னேன். புது முகவரி வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார்.

"இதுல இல்லியே?"

"இல்லாட்டி என்ன?"

"பரக்கத் போயிடும் மச்சான்." இறைவன் தரும் விருத்தி போய்விடுமாம். கருவியைப் பிடுங்கித் தாளில் சுற்றிவிட்டார்.

சாப்பிடாமல் கிளம்பினேன். ஸ்டேஷன் வரைக்கும் அந்த 786 பைக்கில் துரத்திக்கொண்டு வந்தார், கையில் சோற்றுப் பொட்டலம். "கோவத்த என்கிட்ட காட்டு, சோத்துகிட்ட காட்டாத."

எங்களைப் பெற்ற உம்மா சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தேவனாம்பட்டினத்து மீனைக் குழம்பு வைத்துத் தினமும் ரயிலில் கொண்டுவந்தவர் இவர். நாற்றம் தாங்காமல் பக்கத்து சீட்டுக்காரர்கள் திட்டுவார்கள். இவரும் திருப்பித் திட்டுவார். குழம்பு மட்டும் ஒரு சொட்டுச் சிந்தாது. இந்த மனுஷனை முழுசாக வெறுக்கவும் வழியில்லை.

அந்த மனையில் இப்போது கருவேலம் மண்டுகிறது. நீங்கள் வந்து குடியேற வேண்டும் மச்சான், சண்டை போட எனக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். 786-ஐ வாசல் கதவில் நானே பெயின்டில் எழுதித் தருகிறேன். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டிருக்கிறேன்: மாற்றினீர்களா, இல்லையா? எனக்குத் தனியாகப் போன் போட்டு மழுப்பாதீர்கள். அங்கேயே, லாத்தா பார்க்க, எல்லாரும் பார்க்க, பதில் போடுங்கள்.