காத்திருப்பவனுக்குப் பக்கத்தில்

யோசனை வந்த இடம் ஆய்வுக்கூடம் இல்லை. நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையம்.

குறுவை அறுத்த நெல் களம் முழுக்கக் குவிந்து கிடந்தது. டோக்கன் வாங்கியவர்கள் முறை வரும்வரை குவியலுக்குப் பக்கத்திலேயே படுத்து எழுந்துகொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன்.

அப்போது ஒரு வியாபாரியின் லாரி வந்து நின்றது. விலை குறைவுதான். ஆனால் உடனே காசு. சீட்டாடிக்கொண்டிருந்த வட்டத்தில் ஒரு பெரியவர் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். தன் குவியலின் தார்ப்பாயைக்கூடப் பாதி உருவிவிட்டார். வட்டத்திலிருந்து ஒருவர் தலை நிமிராமலே சொன்னார்:

“உக்காருங்க மாமா. தோக்கப் போறோம்னு தெரிஞ்சதும் லாரி ஏறப் பாக்குறீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தபடி திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். லாரி போய்விட்டது.

நான் கூடையோடு அப்படியே நின்றேன். இவர் பொறுமைசாலியா? இல்லையே... எழுந்துவிட்டாரே! அந்தப் பொறுமை அவருக்குள் இல்லை. அந்த வட்டத்தில் இருந்தது.

என் பத்தியைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் தஞ்சாவூரில் எலிகளோடு ஆராய்ச்சி செய்கிறவள். எங்கள் தெருவில் என் பெயர் ‘எலி டாக்டர்’. டாக்டர் பட்டம் இன்னும் வரவில்லை. எலி மட்டும் வந்துவிட்டது.

என் எலிக்கு முன்னால் இரண்டு லீவர். ஒன்றை அழுத்தினால் ஒரு தீனி உருண்டை, உடனே. இன்னொன்றை அழுத்தினால் நிறைய உருண்டைகள் — ஆனால் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாத எலிகள், பிற்பாடு போதை மருந்து கிடைத்தால் அதை விடாமல் தேடும் வாய்ப்பு அதிகம் என்பது எங்கள் துறையில் பழகிய விஷயம். போதையும் தன் பங்குக்கு, இருக்கிற கொஞ்சம் பொறுமையையும் தின்றுவிடுகிறது. எது முதலில் வந்தது? அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

களத்தில் எனக்கு உறைத்தது வேறு. நாங்கள் எலியைத் தனியாகப் பெட்டிக்குள் விட்டு, கதவையும் மூடிவிட்டு, அதன் பொறுமையை அளக்கிறோம். தனியாக வளர்ந்த எலிகளைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் காத்திருக்கிற நேரத்தில் — அந்தச் சில நொடிகளில் — பக்கத்தில் இன்னொரு எலி இருந்தால்?

எனக்கு இது வெறும் ஆய்வுக் கேள்வி இல்லை. என் அண்ணன் முரளி பைக் விபத்துக்குப் பிறகு வலி மாத்திரை சாப்பிட ஆரம்பித்தான். வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. மறுவாழ்வு மையத்தில் இருந்துவிட்டு ஆடி மாதம் வீடு திரும்பினான்.

மாத்திரை கொடுத்த சிநேகிதர்கள் வரக்கூடாது — சரிதான். அவர்களோடு சேர்த்து மற்றவர்களும் நின்றுபோனார்கள். அவன் போன் அப்பாவிடம். கடைத்தெரு கூடாது. சாப்பாடு அறைக்கே போகிறது. எல்லாம் பாசம்தான்! ஆசை எழும்பும்போது கொஞ்ச நேரம் தள்ளிப்போடு, அது தானாக இறங்கிவிடும் என்று மையத்தில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நல்ல அறிவுரை. அண்ணன் தள்ளிப்போடுகிறான் — நான்கு சுவருக்குள், மின்விசிறியைப் பார்த்தபடி.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன்: நாளைக்கு நெல்லுக்கு அண்ணன் காவல் இருக்கட்டும்.

“பக்கத்துலயே கடைத்தெரு. ஒரு தடவை எந்திரிச்சுப் போனான்னா?” என்றார் அப்பா.

பயம் நியாயமானது. விட்டுவிட்டவர்கள் மறுபடி பழைய அளவிலேயே ஆரம்பித்தால் உடம்பு தாங்காது. உயிரே போகலாம். அது எனக்குத் தெரியாதா? அதைத்தானே படிக்கிறேன்.

அண்ணன் அறை வாசலில் வந்து நின்றான். “என்னை வச்சு டெஸ்ட் பண்றியா பாப்பா?”

“ஆமாண்ணே.”

“உன் எலிக்காவது அழுத்த ரெண்டு லீவர் இருக்கு.”

 நானும் கூடப் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு அப்பா ஒத்துக்கொண்டார்.

போனோம். சீட்டு வட்டம் ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஏம்மா, அண்ணன் இப்ப ஒழுங்கா சாப்புடுறானா?” அண்ணன் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தான். இன்னொருவர், தூக்கம் வருகிறதா என்று விசாரித்தார். அதுவும் என்னிடம்தான். நானும் பொறுப்பாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். டீ கேனோடு வந்தவர் என் காதருகே குனிந்து, “அண்ணனுக்கு டீ குடுக்கலாமா?” என்றார்.

டீ!

அண்ணன் நெல்லை அள்ளி, விரலிடுக்கில் வழிய விட்டுக்கொண்டிருந்தான். ஒரு தடவைகூடக் கடைத்தெருப் பக்கம் திரும்பவில்லை. சாயங்காலம் அப்பா வந்து பார்த்து, நிம்மதியாக மூச்சுவிட்டார். சோதனை வெற்றியா? அறைக்குள் எவ்வளவு தனியாக இருந்தானோ, அவ்வளவு தனியாகத்தான் வெட்டவெளியிலும் இருந்தான். இத்தனை பேருக்கு நடுவில்.

வாய்க்கால் கரையோடு வீட்டுக்கு நடந்து வரும்போது சொன்னான். “நாளைக்கு நீ வராத.”

“ஏண்ணே?”

“நீ இருந்தா உன்கிட்டதான் கேப்பாங்க. நான் மட்டும் உக்காந்திருந்தா என்கிட்ட பேசித்தானே ஆகணும்? பேசலைன்னாலும் திட்டவாவது செய்வாங்க.”

“கஷ்டமா இருந்துச்சுன்னா?”

 கொஞ்ச தூரம் நடந்தோம். “கஷ்டமாத்தான் இருக்கும்” என்றான்.

இதை அப்பாவிடம் அவனே சொன்னான்.   அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, “டிபன் கேரியரை அங்கயே விட்டுட்டு வந்துராத” என்றார். எங்கள் வீட்டில் சம்மதம் இப்படித்தான் வரும்.

அன்று இரவே நான் தஞ்சாவூர் திரும்பிவிட்டேன். விடுமுறை. ஹாஸ்டலில் என் வரிசையில் வேறு அறை எதுவும் திறந்திருக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் எலிகள் உமியைக் கிளறும் சத்தம் மட்டும். உட்கார்ந்து புதுப் பெட்டிக்குப் படம் போட்டேன். நடுவில் துளைகள் உள்ள ஒரு தடுப்பு; அந்தப் பக்கம் இன்னொரு எலி. முதலில் அந்த எலி சும்மா இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். இப்போது படத்தை மாற்றிவிட்டேன். அதற்கும் ஒரு லீவர் வேண்டும். அதுவும் தன் உருண்டைக்காகக் காத்திருக்க வேண்டும். வேடிக்கை பார்ப்பவர் துணை ஆகமாட்டார். சும்மா இருக்கும் எலி, வேறு ஒரு பெட்டியில் ஒப்பிட்டுப் பார்க்க. விலங்குச் சோதனை ஒப்புதல் குழுவுக்குத் திங்கட்கிழமை அனுப்பிவிடுவேன். அவர்கள் என்ன சொல்வார்களோ...

நாளை அண்ணன் தனியாகக் களத்துக்குப் போகிறான். அப்பாவுக்குப் போன் போட்டு “அண்ணன் எப்படி இருக்கான்?” என்று நான் கேட்கப்போவதில்லை. அவன் வீடு திரும்பிய பிறகு, போனை அவனிடம் கொடுக்கச் சொல்லி அவனிடமே கேட்கப்போகிறேன்.

அதுவரை பொறுக்க முடியுமா? தெரியவில்லை. முயன்று பார்க்கிறேன்.